இரண்டாம் புகை

ஆட்கள் கரையில் நிற்கும்போதே கப்பலில் புகை எழும்பிவிட்டது. நடந்த தப்பு அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று மத்தான் நினைத்தார், நினைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து யோசித்தார். முதல் புகை என்றால் சரக்கைக் கரையில் இறக்கியாயிற்று, நாங்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம், வந்து பாருங்கள் என்று பொருள். காட்டுப் பக்கத்து ஜனங்கள் புதரிலிருந்து வருவார்கள், எண்ணெய்ச் சாடியையும் சிவப்புத் துணியையும் கண்ணாடி மணியையும் தொட்டுப் பார்ப்பார்கள், எதிரே தங்கள் ஈட்டை வைப்பார்கள், தந்தம், தோல், குழிந்த கல்லில் கொஞ்சம் பொன்துகள், வைத்துவிட்டு மறைந்துபோவார்கள். அப்புறம் நாம் போவோம். ஈடு போதாது என்றால் ஒன்றையும் தொடாமல் திரும்பிவந்து சும்மா உட்கார்ந்திருப்போம், அவர்கள் வந்து கொஞ்சம் கூட வைப்பார்கள். போதும் என்றால் எடுத்துக்கொண்டு கப்பலேறி இரண்டாவது புகை போடுவோம், எங்களுடையது எங்களுக்கு வந்துவிட்டது, உங்களுடையதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆயுதம் கண்ணில் படும், முகத்தில் ஆசை கண்ணில் படும், பிறகு சண்டைதான். மத்தானின் அப்பா காலத்திலிருந்து இந்தக் கரையில் இதுதான் முறை. தீரு நகரத்துச் சந்தையில் தொண்டை கிழிய விலை பேசுகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொண்டை கிழியாமலே நடந்துகொண்டிருந்த வியாபாரம். நேற்று மத்தியானம் மத்தானும் ஆட்களும் கரையில் ஈட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், கப்பலில் சமையல்காரன் அப்தெஷ்மூன் மீன் குழம்பு வைக்கிறேன் என்று ஈர விறகை மூட்டினான். காற்றே இல்லை. புகை கொடிமரம் மாதிரி நேராக எழுந்து நின்றது. இரண்டாவது புகை. அவர்கள் தங்கள் சரக்கை எடுக்க வந்தார்கள். நேருக்கு நேர்.

இப்போது இரண்டு குவியலும் கரையில் கிடந்தன. மத்தான் கப்பலின் பின்பக்கம் சுக்கான் துடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கப்பலுக்கு அவர்தான் தண்டல். பாய் ஏறுவதும் இறங்குவதும் அவர் வாய்ச்சொல்லில். முழங்கால் வலித்தது. கேதுரு மரப் பலகை வெயிலில் சூடேறி அதன் பழைய வாசனையை விட்டது, கப்பல் புதிதாக இருந்தபோது வீடு முழுக்க அடித்த வாசனை, மனைவி அரிஷத் மூக்கைப் பொத்திக்கொண்டு உன் துணியை வெளியில் போட்டுவிட்டு உள்ளே வா என்பாள், அது இப்போது எதற்கு. குவியலைப் பார். இது யார் முறை? அவர்கள் ஈட்டை வைத்தாயிற்று, ஆகவே நம் முறை. ஆனால் நாம் புகையும் போட்டுவிட்டோம், ஆகவே அவர்கள் முறை. நாம் எடுக்காமலே எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் வராமல் போனால் நாம் எடுக்கலாமா? எடுத்தால் புகை காட்டி வரவழைத்து மிரட்டி விரட்டிவிட்டுக் கொள்ளையடித்தவர்கள் என்று ஆகும். நம் சரக்கை மட்டும் திரும்ப ஏற்றலாமா? ஏற்றினால் உறவு முறிந்தது. எதையும் தொடாமல் பாய் விரிக்கலாமா? விரித்தால் பயந்து ஓடினோம் என்று ஆகும். ஓடினோம்தானே. அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் துணி மாட்டியதுபோல மாட்டிக்கொண்டது. ஓடினோம். இந்த வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, மணலில். கடலில் எத்தனை காற்றுக்கு ஓடவில்லை, கதிர் என்கிற பட்டணத்துத் துறைமுக வாயிலில் பாய்மரம் முறிந்த அன்று ஓடவில்லை. புதரிலிருந்து நாலு பேர் வந்ததற்கு ஓடினார். அவர்களும் ஓடினார்கள். அது ஆறுதலாக இருக்க வேண்டும். இருந்திருக்கும், அவர்கள் எல்லாரும் ஓடியிருந்தால்.

ஒருத்தி ஓடவில்லை. கிழவி. தலை வெளுத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். மத்தானும் அப்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் குனிந்திருந்தார். குனிந்தால் அப்படித்தான் நிமிர முடியும். மற்றொரு கையில் இலை. பொன்துகள் இருக்கிற குழிந்த கல்லை எப்போதும் ஒரு தடித்த இலையால் மூடி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல் வைத்திருப்பார்கள். வேறெந்தக் கரையிலும் அவர் பார்த்திராத பக்குவம். அந்த இலையை எடுத்து உள்ளே பார்க்கும்போதுதான் மருமகன் ஹிமில்க் கத்தினான், நிமிர்ந்தார், அவள் நின்றாள். அவள் பார்த்தது அவர் முகத்தை அல்ல, கையிலிருந்த இலையை. அப்படித்தான் தோன்றியது. திறந்த கல்லைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள். மூடி வைத்ததை மூடாமல் நிற்கிறாயே என்பதுபோல. பிறகு அவர் ஓடினார், அவள் திரும்பி நடந்தாள். படகில் ஏறிய பிறகுதான் இலை தன் கையிலேயே இருப்பதைக் கண்டார். இப்போதும் இடுப்புத் துணியில் செருகியிருந்தது, காய்ந்து சுருண்டு, வயிற்றில் குத்திக்கொண்டு. இலையையாவது வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். கல் திறந்து கிடக்கிறது. காலையிலிருந்து காற்று எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சிட்டிகை பொன் மணலோடு மணலாகப் போகும், இங்கிருந்து அது தெரியாது, ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. அரிஷத் எப்போதோ சொன்னாள். அதை மூடி வைக்கிறது பெண்பிள்ளை என்றாள். இந்தக் கரைக்கு அவரோடு ஒருமுறையும் வந்தவளில்லை, வீடு இருக்கிற தீவில் அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னாள், ஆம்பிளை எவன் ஒன்றை வைத்துவிட்டு மூடி போடுகிறான், நீ போடுகிறாயா? அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக எதிர்த்தரப்பில் தன்னைப்போல ஒரு தண்டலை உட்கார வைத்து மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தாடியெல்லாம் வைத்திருந்தார். தாடி போயிற்று.

முன்பக்கத்தில் ஆட்கள் அப்தெஷ்மூனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சக்கிமுக்கிக் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இனிமேல் நீ மூச்சுவிட்டாலும் எங்களைக் கேட்டுக்கொண்டு விடு, குளிர்காலத்தில் வாயிலிருந்து புகை வரும் என்றான் ஒருவன். அப்தெஷ்மூன் வெங்காயம் உரித்துக்கொண்டே, குழம்பு எப்படி இருந்தது என்று ஒருவனாவது சொன்னானா என்று முனகினான். குழம்பைச் சட்டியோடு கடலில் கவிழ்த்தது மத்தான்தான். வீணாகப் போயிற்று, நல்ல வாசனை. கோபத்தில் செய்தது. கோபம் சமையல்காரன் மேல் அல்ல, காற்று இல்லாத மத்தியானத்தின் மேல், ஈர விறகின் மேல், ஓடிய கால்களின் மேல். ஹிமில்க் வந்து பக்கத்தில் நின்றான். மகள் பத்பாலாவைக் கட்டியவன். கெட்டிக்காரன், கை துருதுருவென்று இருக்கும், சும்மா உட்காரத் தெரியாது. இந்தக் கரையில் சும்மா உட்காருவதுதான் பாதி வேலை. அவர்கள் ஓடிவிட்டார்கள், இனி வரமாட்டார்கள், படகை இறக்கி இரண்டு குவியலையும் அள்ளிக்கொண்டு கிளம்பலாம் என்று காலையில் சொன்னான். பிறகு, புதிதாக ஒரு புகை போட்டுப் பார்க்கலாம் என்றான். எந்தப் புகை, முதலாவதா இரண்டாவதா என்று கேட்டதும் முன்பக்கம் போய்விட்டான். இப்போது வேறொன்றோடு வந்திருந்தான்.

"மாமா, இன்றைக்குப் பௌர்ணமி ஓதம்."

"தெரியும்."

"தண்ணீர் அந்தக் குவியல் வரைக்கும் ஏறும்."

"ஏறும்."

"அப்படியென்றால் எதற்குக் காத்திருக்கிறோம்?"

மத்தான் குவியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காரணம் சொல்ல வேண்டுமானால் வருவாள் என்று சொல்ல வேண்டும், யார் என்று கேட்பான், இதெல்லாம் பேச்சில் சொன்னால் கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தோன்றும். ஓதம் ஏறத்தான் செய்தது. கரையோரத்துக் கருப்புப் பாறை காலையில் முழுசாக நின்றது, இப்போது அதன் தலை மட்டும். தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகும், மறுபடி வரும், ஒரு தடவையைவிட மறு தடவை கொஞ்சம் கூட, அவர் யோசிக்கிற மாதிரியே. தண்ணீர் எடுத்துக்கொண்டால் யார் முறையும் இல்லை. எண்ணெய்ச் சாடிகள் உருளும், துணி மிதந்துபோகும், தந்தம் மணலில் புதையும். கரை சுத்தமாகிவிடும். அதைவிடக் கேவலம் இல்லை. வெறுங்கையோடு போனால் கதிரில் இருக்கிற முதலாளிகள் தீவுக் குடியிருப்பைக் கலைத்துவிடுவார்கள். போன கோடையிலேயே சொன்னார்கள், அந்தக் கரையிலிருந்து தந்தமும் தோலும் வருகிற வரைக்கும்தான் அந்தத் தீவு, வராவிட்டால் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடு. ஏற்றிக்கொண்டு வந்துவிடு. மூட்டையா அவர்கள். பத்பாலா அங்கே சுவரெழுப்பி, தண்ணீருக்குத் தொட்டி வெட்டி, ஆடு வளர்க்கிறாள், வயிற்றில் பிள்ளை. அவளை ஏற்றலாம், ஏறுவாள், திட்டிக்கொண்டே ஏறுவாள். ஆட்டையும் ஏற்றலாம். அரிஷத்தை ஏற்ற முடியாது. தீவின் மேற்குப் பக்கத்தில் மணலுக்கடியில் இருக்கிறாள். தலைமாட்டில் பழைய கப்பலின் நங்கூரக் கல்லைப் போட்டிருக்கிறார், நடுவில் கயிறு கோக்கிற துளையோடு. மற்றவர்கள் சிற்பம் செதுக்கிய கல் வைக்கிறார்கள். இவருக்கு அது தோன்றவில்லை. நங்கூரம் போட்டால் அங்கேயே இருப்பாள், கப்பல் எங்கே போனாலும் திரும்பி வர வேண்டிய இடம் அது, அவ்வளவுதான். ஊர் கலைந்த பிறகு அந்தத் துளைக்குள் நண்டு குடியிருக்கும். கடற்பறவை உட்காரும். யாரோ வழிதவறின மீன்காரன் நல்ல கல் என்று எடுத்துக்கொண்டு போவான், நல்ல கல்தான், அதற்கு மேல் நினைக்க வேண்டாம். குவியலைப் பார்.

வருவாள். பயத்தில் சொல்லிக்கொள்வதல்ல. பயம் இருக்கிறது, அது அடிவயிற்றில் இலை குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இது கணக்குப் போட்டுச் சொல்வதுமல்ல. அவளைத் தெரியும். முகத்தை நேற்றுத்தான் பார்த்தார், ஆளைத் தெரிந்து ஒரு ஆயுசு. மணிகள் மட்டமாக இருந்த வருஷம் அவற்றை மட்டும் தனியே பிரித்து, கோபமாக அல்ல, ஒழுங்காக வரிசையாக மணலில் அடுக்கி வைத்திருந்தாள்; அடுத்த வருஷம் மத்தான் நல்ல மணியாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார், அதற்குத் தோலில் ஒன்று கூடுதலாகக் கிடந்தது. சாடி ஒன்று கீறல் விட்டு ஒழுகியபோது அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான், வசவு கிடையாது. தந்தத்தில் பூச்சி அரித்தது ஒன்று கலந்திருந்தபோது மத்தான் அதைத் தூக்கித் தனியே போட்டுவிட்டு வந்தார், மறுநாள் அது இருந்த இடத்தில் அதைவிடப் பெரியது. சந்தையில் இருந்தால் இதற்கெல்லாம் எத்தனை சத்தம், எத்தனை சத்தியம். அரிஷத் படுத்துவிட்ட வருஷம் அவர் இந்தக் கரைக்கு வரவில்லை. பருவம் முடிகிற நேரத்தில் தீவிலிருந்து பார்த்தால் பெருநிலத்துக் கரையில் புகை. தொடர்ந்து சில நாள். காட்டுத் தீ என்றார்கள். காட்டுத் தீ அப்படி ஒற்றையாக, ஒரே இடத்தில், நேராக எழும்பாது. எங்கே போனாய் என்று கேட்டார்கள். புகை போடுவது நம் வேலை, அவர்கள் போட்டதே இல்லை, அந்த ஒரு வருஷம் முறையை மீறிப் போட்டார்கள். போட்டாள். அரிஷத்திடம் சொன்னார், பார், கூப்பிடுகிறார்கள். அவள் கண்ணைத் திறக்காமல், உன் பெண்பிள்ளைதான் என்றாள். அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே வருவாள். எப்படி வருவாள் என்பதுதான் தெரியவில்லை. நடந்ததை நடக்காததாக ஆக்க வேண்டும். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று அவருக்குத் தோன்றவில்லை, சுக்கானில் முதுகு வலித்தது, தண்ணீர் பாறையின் தலையையும் மூடியது, முதலில் சுற்றின வட்டத்தையே மறுபடி சுற்ற ஆரம்பித்தார், முதல் புகை என்றால், இரண்டாம் புகை என்றால்.

"மாமா," என்றான் ஹிமில்க், குரலைத் தாழ்த்தி.

புதர் விலகியது. தனியாக வந்தாள். வெட்டவெளியில், எல்லாரும் பார்க்க, அவசரமில்லாமல், மணலில் கால் புதைந்து புதைந்து எழ. வரும் வழியில் ஒரு செடியிலிருந்து இலை பறித்துக்கொண்டாள். குழிந்த கல்லுக்குக் கிட்டப் போய், உள்ளே ஒருமுறை பார்த்து, இலையைப் போட்டு மூடி, கூழாங்கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். கப்பலைப் பார்க்கவேயில்லை. இரண்டு குவியலுக்கும் நடுவில் போனாள், கடலுக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தோளில் கிடந்த தோலை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அப்படியே இருந்தாள். கப்பலில் ஒருவனும் அசையவில்லை. என்ன செய்கிறாள் என்று ஹிமில்க் முணுமுணுத்தான். மத்தானுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா. ராத்திரி பகலாக முட்டிக்கொண்டோமே, இவ்வளவுதானா. பார்க்கவில்லை என்று சொல்கிறாள். நேற்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை, நீ வந்து உன்னுடையதை எடு. பார்க்காமல் இருப்பதற்கு ஆள் இல்லாமல் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது. முதுகு போதும்.

எல்லாரையும் மறுபக்கம் திரும்பச் சொன்னார். திரும்பாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொருமுறை சொல்ல வைக்காதீர்கள் என்றார். கப்பல் முழுக்க ஆட்கள் திரும்பி, வெறும் கடலைப் பார்த்து நின்றார்கள், அப்தெஷ்மூன் வெங்காயத்தோடு. சிறு படகில் தான் மட்டும் இறங்கினார். ஹிமில்க் கூட வருகிறேன் என்றான், கிழவருக்கு முடியாது, துடுப்பை நான் பிடிக்கிறேன் என்றான். உட்காரும் மாப்பிள்ளை என்றார். துடுப்பைப் பிடித்து இழுத்ததும்தான் அது உறைத்தது, இத்தனை வருஷம் கவனிக்காதது: துடுப்பு வலிக்கிறவன் எப்போதும் போகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறான். கரை அவருக்குப் பின்னால் இருந்தது. கண்ணுக்கு முன்னால் கப்பல், அதில் வரிசையாக ஆட்களின் முதுகு. ஒரு கடற்கரையில் இருக்கிறவர் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கிறோம், இதை வெளியூர்க்காரன் பார்த்தால் என்ன நினைப்பான். நினைக்கட்டும். படகின் அடி மணலில் உரசியது. இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு, குளிர்ச்சி வலிக்கு நன்றாக இருந்தது. பின்பக்கமாகவே நடந்தார், ஒவ்வொரு அடியாகக் காலால் தடவி, தடுமாறி, ஒரு தடவை உட்கார்ந்தே விட்டார், எழுந்தார். குதிகாலில் தந்தம் தட்டியது. அவளுடைய மூச்சு கேட்டது, கொஞ்சம் இழுப்பு இருக்கிறது நெஞ்சில், அவருக்கும் உண்டு. நிலத்தைப் பார்த்தபடி குனிந்து தந்தத்தை ஒன்றொன்றாக இழுத்துப் படகில் போட்டார். தோல்கட்டு கனத்தது. நின்று மூச்சு வாங்கினார். அப்போது அவள் பேசினாள். புரியாத பாஷை. ஆனால் அந்தத் தொனி புரியாத ஆள் உலகத்தில் உண்டா, அடுப்படியிலிருந்து வருகிற தொனி, தண்ணீர் ஏறுகிறது, இன்னும் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய். பேசக் கூடாது என்று முறை உண்டா? நினைத்துப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்றுதான் உண்டு.

"வருகிறேன், வருகிறேன்," என்றார் தன் கானானிய பாஷையில்.

அவள் ஏதோ சொல்லி மூக்கால் சிரித்தாள். கல்லிலிருந்த துகளை இலையோடு சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டார். காற்று கொஞ்சம்தான் தின்றிருந்தது. பழைய இலை இடுப்பிலேயே இருந்தது. அதைத் திருப்பித் தரலாமா என்று கை போனது, அவளிடம் இலைக்கா பஞ்சம். இருக்கட்டும். தீவில் மேற்குப் பக்கத்தில் ஒருத்தியிடம் காட்டி, நீ சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படகைத் தள்ளி ஏறினார். திரும்பிப் போகும்போது துடுப்பு வலிக்கிறவன் முகம் கரையைப் பார்த்திருக்கும், அதனால் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே வலித்தார். கப்பலின் பக்கப்பலகையில் போய் இடித்ததும் திறந்தார்.

மேலே ஏறியதும் அப்தெஷ்மூனிடம் சக்கிமுக்கிக் கல்லைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆட்களிடம் சொன்னார். அவன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இப்போது போடு. நல்ல ஈர விறகாகப் பார்த்துப் போடு."

புகை எழும்பியது. காற்று அதைச் சாய்த்தது, ஆனாலும் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை ஒருவனும். வெகு நேரம் கழித்துப் பார்த்தபோது, நுரை தொடுகிற இடத்தில் ஒரு சாடிகூட மிச்சமில்லை. கரை காலியாக இருந்தது, குழிந்த கல்லை மட்டும் தண்ணீர் எட்டாத மேட்டில் தூக்கி வைத்திருந்தார்கள், அடுத்த வருஷத்துக்கு. நங்கூரத்தை எடுக்கச் சொன்னார். பாய் விரிந்து காற்றை வாங்கியது, கப்பல் தீவுப் பக்கம் திரும்பியது. ஹிமில்க் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அதிசயமாகச் சும்மா உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, கெட்டுப்போன கரையை மாமா சரிசெய்தார் என்று ஊரில் பத்பாலாவிடமும் எல்லாரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னான்.

"பொய் சொல்லாதீர்," என்றார் மத்தான், சுக்கானைப் பிடித்துக்கொண்டு. "சரிசெய்தது அந்தக் கிழவி."